பாக்கெட் சாப்பாடு பாஸாயிடுச்சு, மாஸ்டர்!

என் அருமை மாஸ்டருக்கு,

கல்யாணமான புதிதில் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கேன்டீனில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரியே நானும் 'மாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தேன். கடைசி வரை அதுவே நிலைத்துவிட்டது. இப்போதும் வேறு பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது. சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கேலி செய்யாதீர்கள்.

விஷயத்தை முதலில் கொட்டிவிடுகிறேன். நம் பெண் ஜெசிக்கு உடம்பில் ரத்தம் ஏறிவிட்டது! இன்று காலையில்தான் டாக்டரம்மா சொன்னார். அவள் நெமிலிக்குப் போகப் போவதில்லை. இங்கேயே, ஆம்பூரிலேயே, என்னோடேயே இருக்கப் போகிறாள். வீட்டுக்கு வந்த பிறகு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டேன். ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டு பர்வீன் பார்த்துவிட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நெமிலி எங்கே நடுவில் வந்தது என்று கேட்பீர்கள். எல்லாம் உங்கள் அக்கா செய்த வேலை. இருங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

நீங்கள் இருந்தவரை நான் அடுப்படிப் பக்கம் போனதுண்டா? தோல் கம்பெனி கேன்டீனில் அத்தனை பேருக்கும் சமைத்துவிட்டு வந்து, வீட்டிலும் நீங்களே கரண்டியைப் பிடிப்பீர்கள். மாவாட்டுவது, மசாலா அரைப்பது எல்லாம் உங்கள் கைதான். கடை மாவைக் கண்டாலே உங்கள் முகம் போகிற போக்கு எனக்கு மறக்கவே மறக்காது. "அத்தத் தின்னுட்டு நேரா ஆஸ்பத்திரில டோக்கன் வாங்க வேண்டியதுதான்" என்பீர்கள். நான் ஷூ கம்பெனியில் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தால் சூடாகத் தட்டு வரும். ராணி மாதிரி இருந்தேன், மாஸ்டர்.

நீங்கள் போன பிறகு ராணிக்கு உப்புமா மட்டும்தான் தெரியும் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. விடியும்போதே தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. அதற்குள் எதை ஊறவைத்து, எதை அரைப்பது? நீங்கள் திட்டிய மாவு பாக்கெட்டை முதல் தடவை வாங்கி வந்த அன்று, உங்கள் போட்டோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பிரித்தேன். அப்புறம் சப்பாத்தி பாக்கெட் வந்தது, நூடுல்ஸ் வந்தது, சூப் பவுடர் வந்தது, சத்துமாவு வந்தது. ஜெசி எதையும் குறை சொல்லாமல் தின்றாள்.

ஆனால் பிள்ளை வெளுத்துக்கொண்டே போனாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு நாள் பள்ளிக்கூட பிரேயரில் நின்றவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். பைபாஸ் ஓரத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் ரொம்பக் கம்மி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சேதி எப்படித்தான் நெமிலிக்குப் போனதோ, மறுநாளே உங்கள் ரூபி அக்கா பையும் குடையுமாக வந்து இறங்கிவிட்டார்.

வந்த மறுநாள் காலையில் நடந்ததைக் கேளுங்கள். மழைக்காலம். டப்பாவில் சத்துமாவு கட்டி கட்டியாகப் பிடித்திருந்தது. ஷூ பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, ஈரத்தை உறிஞ்சுகிற குட்டிப் பொட்டலம் ஒன்று போடுவோமே, அது நம் ஊரில் இல்லாத வீடு ஏது? பீரோவில் இருக்கும், சர்டிபிகேட் ஃபைலில் இருக்கும், நம் கல்யாண ஆல்பத்தில்கூட இருக்கிறது. ஷூவுக்கு நல்லதென்றால் மாவுக்கு ஆகாதா என்று டப்பாவுக்குள்ளும் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். உங்கள் அக்கா அது தெரியாமல் மாவை அள்ளி அடுப்பில் கஞ்சி காய்ச்சிவிட்டார். கரண்டியோடு மேலே வந்தது பொட்டலம்.

"இன்னாடி இது?"

"பேக்கிங்ல போடுறது அக்கா. ஈரம் சேராம இருக்கட்டும்னு..."

"சாப்பிடாதேன்னு கொட்ட எழுத்துல இங்கிலீஷ்ல போட்டிருக்குது. எனக்கே படிக்கத் தெரியுது. புள்ளைக்கு அத்தப் போட்டா கஞ்சி காய்ச்சுவாங்க?"

"கஞ்சி காய்ச்சினது நீங்கதானே அக்கா!"

வாயை அடக்கியிருக்கலாம். என்னால் எப்போது முடிந்தது? கஞ்சி சாக்கடை மோரியில் போயிற்று, டப்பா மாவும் குப்பைக்குப் போயிற்று. அக்கா நடுக்கூடத்தில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "என் தம்பி இருந்தவரைக்கும் இந்த வீட்ல ஒரு பாக்கெட் பிரிச்சிருப்பானா? முழுப் பரீட்சை முடியட்டும், வர்றேன். அதுக்குள்ள ரத்தம் ஏறலன்னா ஜெசியக் கூட்டினு போய்டுவேன். அங்க ஆட்டின மாவு இருக்குது, கறந்த பால் இருக்குது. அங்கியே படிக்கட்டும்."

அன்றைக்குக் கம்பெனியில் என் மெஷினில் ஊசி உடைந்துகொண்டே இருந்தது. ஜெசி போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்காக விளக்குப் போடுவேன்? கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அக்கா சொல்வது நிஜமாக இருந்தால் என்கிற பயம்தான் பெரிது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் டயட் மேடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். சின்னப் பெண்தான். வீட்டில் சாப்பிடுகிற எல்லாவற்றின் கவரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒரு பெட்டி நிறைய அள்ளிக்கொண்டு, துணைக்கு பர்வீனையும் இழுத்துக்கொண்டு போனேன். மேஜை மேல் கொட்டும்போது மானம் போயிற்று. மேடம் முதலில் எடுத்ததே மாவு பாக்கெட்.

"அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு. நல்லாத்தான இருக்குது? இத யார் வேணாம்னு சொன்னது?"

"எங்க வீட்டுக்காரர் மேடம்" என்று போட்டுக்கொடுத்துவிட்டேன். பர்வீன் என் தொடையில் கிள்ளினாள்.

"முன்னாடி இருக்கிற படத்தப் பாக்காதீங்க, பின்னாடி திருப்புங்க. எது ஜாஸ்தியோ அது முதல்ல இருக்கும்" என்றார் மேடம். கம்பெனியில் ஒவ்வொரு லாட்டுக்கும் எந்தத் தோல், எந்த லைனிங், எந்த நூல் என்று அட்டையைப் படிக்காமல் ஒரு தையல் போடமாட்டேன். வீட்டில் ஒரு பாக்கெட்டையாவது திருப்பிப் பார்த்திருப்பேனா? சப்பாத்தி பாக்கெட்டைத் திருப்பினேன். முன்னால் கோதுமைக் கதிர் ஆடுகிறது, பின்னால் முதல் பெயரே மைதா! எனக்கு வந்ததே ஆத்திரம். ரெக்சினைத் தைத்துவிட்டு லெதர் என்று முத்திரை குத்தினால் எங்கள் கம்பெனியில் விடுவார்களா? மேஜையில் இரண்டு குவியலாயிற்று. மாவு, உறைந்த பட்டாணி, வறுத்த கடலை, சத்துமாவு ஒரு பக்கம். சூப் பவுடரும் நூடுல்ஸும் அந்தச் சப்பாத்தியும் இன்னொரு பக்கம். அதிலும் நூடுல்ஸை எப்போதாவது முட்டையும் காயும் போட்டுத் தரலாம் என்றார். நல்ல குவியலில் இருப்பதையும் வெறுமனே தராதீர்கள், கீரையோ பயறோ முட்டையோ கூட இருக்கட்டும், எலுமிச்சை பிழியுங்கள் என்றார்.

கடைசியாக, "டிபனோட பாப்பா இன்னா குடிப்பா?" என்று கேட்டார்.

"டீதான் மேடம். அவங்க அப்பா பழக்கம். இட்லிக்குக்கூட டீ வேணும்."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சாப்பாட்டோடு குடித்தால், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை டீ உடம்பில் சேரவிடாதாம். மாஸ்டர், உங்கள் டீ! கேன்டீனே வரிசையில் நின்று குடித்த டீ! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்றோடு டிபனுக்கு டீயை நிறுத்திவிட்டோம்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. கையால் அரைத்து, கையால் சமைத்தால் போதும் என்றால், ஒரு பாக்கெட்டையும் தொடாத உங்களுக்கு, உங்களைக் கொண்டுபோன அந்த நெஞ்சு வலி ஏன் வந்தது? அந்தப் பொரித்த கறியும், தட்டோரத்து ஊறுகாயும், உட்கார நேரமில்லாத வேலையுமா? யாரைக் கேட்டாலும் சரியாகச் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

சரி, கீரைக்கு என்ன செய்தேன் தெரியுமா? கீரை ஆய எனக்கு ஏது நேரம்? என் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற பர்வீன்தான் வழி சொன்னாள். அவள் வீட்டு முருங்கை மரத்தில் கிளையை ஒடித்துக் காலையிலேயே பையில் போட்டுக்கொள்வாள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் மடியில் துண்டை விரித்து உட்காருவோம். "அடியே, வாய் பேசிக்கினே கையும் போடுங்க. நம்ம எஸ்தரோட பொண்ணுக்கு ரத்தம் ஏறணும்" என்று அவள் சத்தம் போட்டால் முன் சீட்டு முதல் பின் சீட்டு வரை கிளை கை மாறும். காம்பெல்லாம் பஸ்ஸில் கிடக்கிறது என்று டிரைவர் அண்ணன் கத்துவார். "நாளைக்குக் கூட்டித் தர்றோம், பேஜார் பண்ணாதண்ணே!" என்பாள் பர்வீன். நம் முனை வருவதற்குள் துண்டு நிறைய இலை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் கொண்டக்கடலை வேகவைத்து எனக்கும் ஒரு டப்பா தருவாள். நான் அவளுக்கு மாவு பாக்கெட்டும் முட்டையும் வாங்கித் தருவேன். காலையில் கடை மாவில் பஸ் முருங்கையைப் போட்டுத் தோசை. இது வீட்டுச் சாப்பாடா, ரெடிமேட் சாப்பாடா? நீங்களே சொல்லுங்கள்.

நேற்று உங்கள் அக்கா வந்துவிட்டார். பரீட்சை முடிந்துவிட்டதே. "பையக் கட்டி வெச்சிடு" என்று ஜெசியிடம் சொன்னார். அவளும் தலையாட்டிவிட்டு, ராத்திரியே பையைக் கட்டி வாசலில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வார்த்தைகூட எதிர்த்துச் சொல்லாமல் கட்டிவிட்டாளே என்று உள்ளுக்குள் அழுதேன்.

இன்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "நல்லா ஏறியிருக்குது" என்றார். அக்கா விடுவாரா?

"மாத்திர குடுத்தீங்களே, அதுல ஏறியிருக்கும் டாக்டர்."

"மாத்திரையும்தான், சாப்பாடும்தான். இப்பக் குடுக்கிற மாதிரியே குடுங்க."

ஆட்டோவுக்கு அக்காதான் காசு கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், "சரி, துணிய எடுத்து உள்ள வைக்கிறேன்" என்று அவரே பையைத் திறந்தார். உள்ளே ஒரு தலையணையும் பழைய பேப்பரும்!

"இன்னாடி ஜெசி, துணி எங்க?"

"பீரோலதான் அத்தை. நான் எடுக்கவே இல்ல."

"ரத்தம் ஏறாம இருந்திருந்தா?"

"அப்பவும் வந்திருக்க மாட்டேன். எனக்குத் தட்டு வெச்சாதான் அம்மா அடுப்பே பத்த வைப்பாங்க. நான் இல்லன்னா டீயும் பன்னும்தான். அவங்க ரத்தத்த யாரு பாத்தாங்க?"

கேட்டீர்களா, மாஸ்டர்? நான் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் இத்தனை நாளும் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். "அந்த மாவு பாக்கெட்ட எங்கடி வெச்சிருக்க?" என்று கேட்டு, அவரே பிரித்து, எங்கள் இருவருக்கும் தோசை ஊற்றிப் போட்டார். "என் தம்பி மாவு மாதிரி வராது" என்று சொல்லிக்கொண்டே அவரும் தின்றார். என் தட்டு காலியாகும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கப் போகிறேன். அக்காவும் ஜெசியும் கூட வருகிறார்கள். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி நான் நின்றபடி பன்னைக் கடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடமாட்டேன். ஜெசியோடு உட்கார்ந்து, அவள் சாப்பிடுவதை நானும் சாப்பிடுவேன். உங்களிடம் வந்து சேர எனக்கு ஆசைதான், மாஸ்டர். ஆனால் ரொம்ப வருஷம் கழித்துத்தான் வருவேன். அதுவரை கோபித்துக்கொள்ளாமல் இருங்கள்.

உங்கள் பெண்டாட்டி,
ஜெசியின் அம்மா,
எஸ்தர்