ஆற்றுவாய்க் கதவுக்குப் பின்னால்

மச்சான்,

உன் கொப்பியைத் திறந்தால் இன்னும் புதுத்துணிக் கஞ்சியின் மணம்தான் வருகிறது. காத்தான்குடியில் உங்கள் புடவைக்கடையின் மேல்மாடியில், துணிக்கட்டுகளுக்கு நடுவில் குந்தியிருந்து நீ எழுதிய கொப்பி. நீ மௌத்தாகி, எங்களை விட்டுப் போய்ப் பத்து மாதமாகிறது. போன மாதக் கடைசியில், அண்ணனை நானா என்று கூப்பிடும் உன் தங்கை றிஸ்னா இதை என் கையில் தந்தாள். "நானா எழுதின கடைசி விளையாட்டு. நான் ஒரு பக்கம்கூடப் பாக்கல்ல, பாத்தா விளையாட ஏலாதே. நீங்கதான் நடத்தோணும்" என்றாள். நடத்தினேன். நாசமாக்கினேன். வேறு யாரிடம் சொன்னாலும் விளையாட்டுத்தானே என்பார்கள். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டினால், நீ தொழுது வந்தபின் அந்த மேல்மாடி நமக்குத்தான். உன் மாமா தோஹாவிலிருந்து கொண்டுவந்த, அட்டை கிழிந்த அந்தப் பழைய விளையாட்டுச் சட்டப் புத்தகம், இருபது முகத் தாயக்கட்டை ஒன்று, உம்மா அனுப்பும் தேநீர். நீ கதை சொல்வாய். நானும் றிஸ்னாவும் குருக்கள்மடத்துச் சுதனும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி நடப்போம். கதவைத் திறப்பதா, ஓடுவதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஓங்கிய வாள் பட்டதா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். புத்தகத்தோடு வந்த கதைகளில் பனிமலையும் கோட்டையும் இருந்தன. நமக்கேன் பனிமலை என்று நீ எல்லாவற்றையும் நம் ஊர் வாவிக்கு இழுத்து வந்தாய். கோட்டை அகழி கண்டல் காடானது. ஒருமுறை நான் தவறுதலாகக் கட்டையை உருட்டிவிட்டு, திரும்ப உருட்டட்டுமா என்று கெஞ்சினேன். "மேசையில விழுந்தது விழுந்ததுதான் மச்சான்" என்றாய். என் பாத்திரம் இறால் பண்ணையில் செத்தது. மூன்று நாள் உன்னோடு பேசவில்லை.

பிறகு புதிய பதிப்புச் சட்டம் வந்தது. நான்தான் அச்சடித்துக் கட்டிக்கொண்டு வந்தேன். கணக்கு இலேசு, புதிதாக வருகிறவர்களுக்கும் விளங்கும், மாறுவோம் என்றேன். நீ இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடினாய். "இதுல ஒருத்தனும் லேசில சாக மாட்டான். சாகிற பயமில்லாட்டி என்னத்துக்குடா விளையாட்டு?" என்றாய். பழையதைக் கட்டிக்கொண்டு அழு என்று நான் சொன்னேன். ஓமடா, அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனேன்.

இரண்டு கிழமை கழித்து உனக்குக் காய்ச்சல் என்று சுதன் சொன்னான். முதலில் நீ பேசினால் பார்ப்போம் என்று இருந்தேன். டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் நீ இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதற்கு என்னைவிட நல்ல ஆள் கிடைக்காது.

கொப்பி கைக்கு வந்தபோது பழைய சட்டப் புத்தகத்தைத் தேடினோம். கடையில் இல்லை, வீட்டிலும் இல்லை. யாருக்கோ கொடுத்திருக்கிறாய். மிஞ்சியது நீ வேண்டாமென்ற புதிய சட்டம்தான். சுதன் வேலைக்குக் கட்டார் போகப் பத்து நாளே இருந்தது. உன் கதையை நான் புதிய சட்டத்துக்கு மாற்ற வேண்டும், அதுவும் அவன் போவதற்குள். ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரிப்பேன்.

கதை உனக்குத் தெரியும், நான் சொல்லித்தானா? மழை விடாமல் பெய்கிறது. வயல் வட்டையெல்லாம் வெள்ளம், கதிர் வெளிவராத குடலைப் பயிர் அழுகப்போகிறது. ஆற்றுவாயில் மணல் திட்டை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் கடலுக்குப் போய்விடும். ஆனால் திட்டின்மேல் கல்முதலை படுத்திருக்கிறது. அதன் வயிற்றுக்குக் கீழே மணலில் ஒரு கதவு. எவ்வளவு அழகாய் எழுதியிருக்கிறாய், பாவி.

கவசக் கணக்குத்தான் வில்லங்கம். பழைய சட்டத்தில் கவசத்தின் இலக்கம் குறையக் குறைய ஆள் பலசாலி. புதியதில் கூடக் கூடப் பலசாலி, கட்டை அந்த இலக்கத்தை எட்டினால்தான் வெட்டுப் படும். ஆகவே உன் இலக்கத்தை இருபதிலிருந்து கழித்து எழுத வேண்டும். கொள்ளைக்காரன், நண்டு, பேய்த்தோணிக்காரன் எல்லோரையும் கழித்துக் கழித்து எழுதினேன். ஒன்றிலும் பிழை விடவில்லை. கடைசியாகக் கல்முதலைக்கு வந்தேன். கவசம் இரண்டு என்றிருந்தது. பக்கத்தில் ஓரத்தில், நான் படியிறங்கிப் போன மறுநாள் திகதி போட்டு, பென்சிலால் எழுதியிருந்தாய்: "இதுக்கு அவன் கத்துவான். கத்தட்டும்."

அவன் என்றால் நான். நான் கோபித்துப்போன பிறகு எழுதியிருக்கிறாய். நான் திரும்பி வருவேன் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறாய். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அழுதுகொண்டே அந்த இரண்டை அப்படியே இரண்டென்று எழுதிவிட்டேன். பதினெட்டு என்று எழுதியிருக்க வேண்டும்.

போன வெள்ளி அதே மேல்மாடி. முதலை எழும்பியது. றிஸ்னா வாளை ஓங்கிக் கட்டையை உருட்டினாள். கட்டையில் நாலு விழுந்தது, வெட்டுப் பட்டது. சுதனுக்கு மூன்று, அதுவும் பட்டது. ஒரு வெட்டும் தப்பவில்லை. இரண்டாம் சுற்றிலேயே முதலை செத்துக் கிடந்தது.

"என்ன கா இது, முதலையா பல்லியா?" என்று சுதன் சிரித்தான். றிஸ்னாவும் சிரித்தாள். நான் கொப்பியைப் பார்த்தேன், அப்போதுதான் விளங்கியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. நிறுத்துங்கள், பிழை என்னுடையது, திரும்ப விளையாடுவோம் என்று வாய்வரை வந்தது. உன் மேசையில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நீ மாதக்கணக்கில் வளர்த்த மிருகத்தை ஒரு கழித்தல் கணக்கில் கொன்றுவிட்டேன். முதல் தடவை என்பது ஒரு கதைக்கு ஒன்றுதான்.

"கதவைத் திறக்கிறம்" என்றாள் றிஸ்னா.

பக்கத்தைப் புரட்டினேன். வெறும் கோடுகள். ஆக மேலே ஒரே ஒரு வரி: "இவ்வளவு தூரம் வரமாட்டானுகள். வந்தா நான் பாத்துக்குவன்."

அதற்குப் பிறகு கொப்பியில் ஒன்றுமில்லை.

"என்ன இரிக்கி உள்ளுக்கு?" என்று அவள் எட்டிப் பார்த்தாள். நான் கொப்பியை மூடினேன். "நேரம் போயிட்டு. உள்ளுக்கு நிறையக் கிடக்கு, இண்டைக்கு முடியாது. சுதன் போய் இறங்கட்டும், வாற வெள்ளி போனில விளையாடுவம்" என்றேன்.

அவள் கொப்பியின் அட்டையைத் தடவினாள். பிறகு முகம் மலர்ந்து, "அப்ப நானா சொல்ல இன்னும் இரிக்கி" என்றாள். பத்து மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

அன்றிலிருந்து எழுதி எழுதிக் கிழிக்கிறேன். கதவுக்குப் பின்னால் படிக்கட்டு என்று எழுதினேன். கடல் என்று எழுதினேன். எதுவும் உன்னுடையதில்லை, அவள் இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். சுதன் நேற்றுப் போய்விட்டான். நாளைக்கு வெள்ளி. பத்து மாதத்துக்கு முன் நீ இல்லையென்று அவளுக்குச் சொன்னது வேறு யாரோ. இந்த முறை சொல்ல வேண்டியவன் நான்.