லா ரொக்பெர் சந்தையில் அப்பா பார்த்த மாடு

வில்லமோர்,
செப்டம்பர் 27, செவ்வாய்க்கிழமை

என் அன்பு மகள் ஓதீலுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உறையில் வேற்றூர் முத்திரையைப் பார்த்துப் பதறியிருப்பாய். நீயும் மாப்பிள்ளையும் என் கண்ணு கோராலியும் அந்தத் தீவில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலையில்கூட இந்த ஊர் மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி வைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். நாங்கள் இன்னும் வீடு திரும்பவில்லை ஓதீல். நீ ஏற்பாடு செய்த பதினாலு நாளும் சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது, இன்னும் மதாம் பூர்தேவின் தங்கும் வீட்டில்தான் இருக்கிறோம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, அப்பாவும் அந்தக் கூடத்தில்தான் செய்தித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் வைத்துப் பேசுகிற விஷயம் இல்லை இது.

உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன் என்று நினைக்காதே, வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடுகிறது. பிப்ரவரியில் அப்பா தொழுவத்தில் வழுக்கி விழுந்து, நான் போய்ப் பார்க்கும் வரை ஈர வைக்கோலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாரே, அன்றைக்கே இந்தப் பத்தொன்பது மாடுகளையும் விற்றாக வேண்டும் என்று உன் அண்ணன் மார்சியால் சொல்லிவிட்டான். விடிவதற்கு முன்னால் வந்து சாணி அள்ளிப்போட்டுவிட்டு அப்புறம் பாலாடைக்கட்டி ஆலைக்கு வேலைக்குப் போகிறவன், அவன் முதுகும் போய்விட்டது, அவனை நான் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னார், நீ போனில் சொன்னாய், பாதிரியார்கூட வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். அப்பா எல்லோருக்கும் ஒரே பதில்தான், நான் போனப்புறம் என்ன வேணா பண்ணிக்குங்க, அது வரைக்கும் அது என் தொழுவம் என்று. அப்போதுதான் நீ இந்த யோசனையைச் சொன்னாய். எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பதாவது வருஷம், உன் பரிசாக இரண்டு வாரம் ஊர் ஊராகப் போய்ச் சந்தைகளைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சுற்றி வருவது, அதற்குள் மார்சியால் காரியத்தை முடித்துவிடுவது. கண்ணால் பார்க்காவிட்டால் தாங்கிக்கொள்வார் என்று நாம் மூன்று பேருமே நினைத்தோம். யோசனை உன்னுடையது, நாள் குறித்தது அவன், சரி என்று தலையாட்டியது நான்.

பத்தாம் தேதி காலை கிளம்பும்போது அப்பா மார்சியாலைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு மாடாகச் சொல்லிக்கொடுத்தார், நான் காருக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மார்க்கீஸுக்கு முன்னங்கால் குளம்பு வெடிச்சிருக்கு, ஈரத்துல நிக்க விடாத, அந்தச் செவலைக் கிடேரிய தனியாக் கட்டு, முட்டும் என்று ஏதேதோ. உன் அண்ணன் எல்லாவற்றுக்கும் சரிப்பா சரிப்பா என்றான், தலையைத் தூக்கவே இல்லை.

பொய் சொல்ல மாட்டேன், முதல் ஐந்து நாள் நன்றாகத்தான் இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக உறுத்துகிறது. அம்பது வருஷமா உன்னை எங்கயும் கூட்டிட்டுப் போகலன்னு மகள்கிட்ட புகார் பண்ணிட்டியாக்கும் கெழவி என்று காரில் ஏறினதிலிருந்து கிண்டல். மொந்தேசால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிற அம்மாள் கத்தி நுனியில் ஒரு துண்டு கொடுக்க, ருசி பாத்தா வாங்கியே ஆகணுமாம்மா, இல்ல சும்மாப் போலாமா என்று கேட்டார். சும்மாப் போறவரு நாலாவது துண்டை எடுக்க மாட்டாரு பெரியவரே என்று அவள் சொல்ல, சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்துவிட்டு ஒரு பெரிய வட்டையே வாங்கிக்கொண்டார். மத்தியானம் சின்னக் கடையில் வாத்துக் கொழுப்பில் வதக்கிய உருளைக்கிழங்கும் ஒரு குவளை சிவப்பு ஒயினும், அப்புறம் சதுக்கத்து பெஞ்சில் தூக்கம். கோராலி பள்ளியிலேயே முதலாவதாகத் தேறின செய்தி வந்த துண்டுத் தாளை நான் பையிலேயே வைத்திருக்கிறேன், ரொட்டிக்கடைக்காரியிடம் காட்டினேன், கோயில் மணியடிக்கிறவரிடம் காட்டினேன், தங்கின வீட்டுக்காரிகள் எல்லோரிடமும் காட்டினேன். என் பேத்தி, எனக்கு எதற்கு வெட்கம். பேத்தியைச் சந்தைக்குக் கொண்டாந்துட்டா, யாராவது நல்ல விலையாச் சொல்லுங்கப்பா என்று அப்பா பின்னால் நின்று கேலி செய்வார், ஆனால் அவர்கள் படித்து முடிக்கும் வரை நகரவும் மாட்டார். இப்படி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தோம். அதே மொந்தேசாலில் மார்க்கீஸின் குளம்புக்கென்று ஒரு டப்பா களிம்பு வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். நான் பக்கத்துக் கடையில் மேஜை விரிப்பைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். மாடுகள் திங்கட்கிழமை போய்விட்டன. அன்று சாயங்காலமும் செவ்வாய், புதனும் அப்பா தங்கின இடத்திலிருந்து போன் போட்டு மார்சியாலிடம் விசாரித்தார். புதன்கிழமை போனை வைத்துவிட்டு வந்து, மார்க்கீஸ் குளம்பு ஆறிடுச்சாம், பையன் பரவால்ல, நல்லாப் பாத்துக்கறான் என்று என்னிடம் சொன்னார். நான் வாயு என்று சொல்லிச் சூப்பை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

உன் அண்ணன் மாட்டுச் சந்தை கூடுகிற ஊர்களை எல்லாம் தவிர்த்துத்தான் பட்டியல் எழுதிக்கொடுத்திருந்தான். லா ரொக்பெரில் வியாழக்கிழமை தோறும் காய்கறிச் சந்தை, அதைக் கேட்டு விசாரித்துத்தான் எழுதினானாம். ஆனால் மாதா பிறந்தநாளுக்கு அடுத்த வியாழக்கிழமை மட்டும் அங்கே வருஷத்துக்கு ஒரு தரம் பெரிய மாட்டுச் சந்தை கூடும். அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், உன் தாத்தா, என்னைப் பெற்றவர், இரண்டு நாள் நடந்து மாடு ஓட்டிப்போன சந்தை அது, எனக்கு எப்படி மறந்தது என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரை நிறுத்தும்போதே மாடுகள் கத்துகிற சத்தம் கேட்டது. அப்பா முகம் அப்படியே மாறிவிட்டது, அடடே, நீ பூண்டு வாங்கு நொயெலி, நான் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன் என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு இளவட்டம் மாதிரி நடந்தார். நம் மாடுகளை வாங்கியவர் தெற்கே எங்கேயோ கொண்டுபோவதாக மார்சியால் சொல்லியிருந்ததால் நானும் ரொம்பப் பயப்படவில்லை, இருந்தாலும் மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். மூன்றாவது வரிசையில் அப்பா நின்றுவிட்டார். தொழுவத்துக்குள் நுழையும்போது வழக்கமாகச் செருமுகிற மாதிரி தொண்டையைச் செருமினார், கம்பியோரம் கட்டியிருந்த ஒரு மாடு தலையைத் திருப்பிப் பார்த்தது. மார்க்கீஸ்தான். முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. பின்தொடை மயிரில் கத்தரியால் குறி வெட்டியிருந்தது, அதாவது அன்று காலையே விலைபேசி முடிந்து கைமாறிவிட்டது.

என்ன நடந்தது என்று அப்பாவுக்கு விளங்குவதற்குள் தரகர் கசால் கறுப்பு மேலங்கியோடு வந்துவிட்டார், உனக்கு அவரைத் தெரியும், நம் பக்கத்தில் பாதித் தொழுவங்களில் அவர் கைபட்ட மாடுதான். அப்பாவுக்குத் தெரியாமல் விற்றோம் என்பது அவருக்குத் தெரியாது. என்ன லியோன்ஸ் அண்ணே, திங்கக்கிழமை வித்துட்டு வியாழக்கிழமை பின்னாடியே வந்துட்டீங்க, பிரிய மனசில்லையா என்று சிரித்துக்கொண்டே அப்பா தோளில் தட்டினார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆமா, இந்தப் பக்கம் வந்தோம், ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னுதான் என்றார். தனக்குத் தெரியாமல் தன் மாட்டை விற்றுவிட்டார்கள் என்பதை அந்த ஆளிடம் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு பையிலிருந்து அந்தக் களிம்பு டப்பாவை எடுத்து, தினம் ரெண்டு வேளை போட்டு விடச் சொல்லுங்க, நடுவுல கட்டினா மத்ததுங்க இவளைத் தண்ணி குடிக்க விடாது என்று நீட்டினார். கசால் டப்பாவைப் பார்த்துவிட்டு, அவ போற எடத்துக்கு இதெல்லாம் எதுக்கு அண்ணே, நாளைக்கே அறுப்புக்குப் போயிடுமே என்றார், சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் சிரிப்பும் நின்றுவிட்டது. அப்பா அந்தக் குறி வெட்டின இடத்தில் கையை வைத்து மயிரைக் கீழ்நோக்கித் தடவிவிட்டார், இரண்டு மூன்று தடவை. அவ்வளவுதான். நேராகக் காய்கறிச் சந்தைக்கு நடந்து, பின்னல் போட்ட பூண்டு ஒன்று வாங்கி, இது பனி வரைக்கும் தாங்குமாம்மா என்று அந்தப் பெண்ணிடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

காரில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். அப்புறம், ஒனக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். ஓதீலுக்கு என்றார். தெரியும் என்றேன். பொய் சொல்லிப் பிழைக்க எனக்குத் தெம்பு இல்லை மகளே. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே, சரி, நாளைக்கு எந்த ஊரு என்று கேட்டார். அன்றிலிருந்து பட்டியலில் உள்ள ஒரு ஊரையும் விடவில்லை. ஒவ்வொரு சந்தையிலும் கடைசிக் கடை வரைக்கும் நடக்கிறார். எனக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிறார், கதவைத் திறந்துவிடுகிறார், கழுத்துத் துணி ஒன்று வாங்கிக் கொடுத்தார், நீல நிறம், விலையைக்கூடக் கேட்கவில்லை. என்னைக் கெழவி என்று கூப்பிட்டே பன்னிரண்டு நாளாகிறது. கோராலியின் தாளை யாரிடமாவது எடுத்துக் காட்டினால் ஒரு வார்த்தை கிண்டல் இல்லை, மரியாதையாக நின்று தலையாட்டுகிறார். ஒரு நாள் கத்தித் தீர்த்திருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன், அப்புறம் இரண்டு பேருமாக வீட்டுக்குப் போயிருப்போம். சனிக்கிழமை நான் பெட்டியைக் கட்டி வைத்தேன், அவர் கீழே போய் மதாம் பூர்தேவிடம் இன்னும் ஒரு மாசத்துக்கு அறை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வந்தார். ஆள் வராத காலம்தானே, தாராளமா இருங்க, நவம்பர்ல கல்லறைத் திருநாள் வரைக்கும் காலிதான் என்று அவள் சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள். நமக்கு வீடு வாசல் இல்லையா என்று நான் கேட்டதற்கு, அங்க போயி காலைல எந்திரிச்சு என்ன பண்ண, இங்கயாவது நாளைக்கு எந்த ஊர்ச் சந்தைன்னு ஒண்ணு இருக்கு என்றார். ஞாயிற்றுக்கிழமை மார்சியால் ஓடிவந்தான். அப்பா அவனை வாசலிலேயே வரவேற்று, வாப்பா, காபி குடிக்கிறியா, ரோட்டுல கூட்டம் இருந்துச்சா என்று யாரோ விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார். அவன் திரும்பிப் போகும்போது காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுததை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன், இறங்கிப் போகத் தைரியம் வரவில்லை.

விற்றது தப்பு என்று நான் எழுதவில்லை, விற்காமல் இருந்திருந்தால் வருகிற குளிரில் அவரையே அந்த வைக்கோலில் இழந்திருப்போம். ஆனால் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று சாயங்காலம் அவரைப் போனில் பேசவிட்டோமே, அதை என்னால் செரிக்க முடியவில்லை. நேற்று மத்தியானம் கோயில் சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், திடீரென்று, லாரில மொதல்ல ஏறினது யாரு என்று கேட்டார். லா ரொக்பெர் சந்தைக்கு அப்புறம் மாடுகளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு கேள்விதான். நான் அங்கே இல்லையே, மார்சியாலிடம் கேட்கட்டுமா என்றேன். அவன்கிட்டயா, குளம்பு ஆறிடுச்சுன்னு சொல்வான் என்றார், அப்புறம், தானா ஏறுச்சுங்களா, இல்ல அடிச்சாங்களா, அது மட்டும் தெரிஞ்சாப் போதும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோதே நானும் கேட்டிருந்தேன், எல்லாம் ஒழுங்காத்தான் போச்சும்மா என்றான், கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் வராது. நீ அவனைக் கேள்.

அங்கே மழைக்காலம் தொடங்கப் போகிறது, புயல் எச்சரிக்கை சொன்னால் அலட்சியமாக இருக்காதே, கோராலியைக் கடலோரம் அனுப்பாதே. மாப்பிள்ளைக்கு வறுத்ததைக் குறைத்துக் கொடு. மேல்படிப்புக்கு எங்கே சேர்ந்தாலும் அவள் கையாலேயே எனக்கு இரண்டு வரி எழுதச் சொல், அதையும் பையில் வைத்துக்கொள்வேன். நீங்கள் மூன்று பேரும் நூறு வயது நலமாக இருக்க ஆண்டவரும் மாதாவும் துணையிருக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உங்கள் மேல் உண்டு.

நான் கேட்டதை மறந்துவிடாதே. வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, இந்த வில்லமோர் விலாசத்துக்கே எழுது, உறையின் மேல் என் பெயர் வேண்டாம், அப்பா பெயரை எழுது, அவரே பிரிக்கட்டும். முதலில் ஏறியது எது என்று மாட்டின் பெயரோடு எழுது. அடித்திருந்தால் அடித்தார்கள் என்றே எழுது.

உன் அம்மா,
நொயெலி