காது மூடும் தொப்பி

கொட்டகலை,
16.3.1965.

அன்பு மகள் பவுலினுக்கு,

சின்னம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தம்பி அல்போன்சும் நானும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாய் இருக்கிறோம், அங்கே சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் பெனடிக்டும் டெய்சியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பள்ளிக்கூடத்தில் பரீட்சை, எனக்கு இருமல் என்று ஏதாவது காரணம் எழுதலாம், அது பொய்யாய்ப் போகும். நாலு தடவை எழுத உட்கார்ந்து நாலு தடவையும் கிழித்துப் போட்டேன். இன்றைக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு விட்டபிறகு வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், வெளியே மழை கொட்டுகிறது, தகரக் கூரைச் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை, அதுவும் நல்லதுதான். நீங்கள் ஏப்ரல் நாலாம் தேதி கப்பல் ஏறுகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

ஊர்ச் செய்தி என்று பெரிதாய் ஒன்றும் இல்லை. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டதிலிருந்து இந்தியாவுக்குப் பேர் கொடுப்பதா இங்கேயே இருப்பதா என்று தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயத்துக்கு லயம் சண்டை. வீரம்மாவை உனக்கு நினைவிருக்கும், பழைய கணக்கப்பிள்ளையின் மனைவி, நம்மோடு கோவாவுக்கு வந்தவள், அவள் மூத்த மகன் இந்தியா என்கிறான், இளையவன் இலங்கை என்கிறான், அவள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து அழுகிறாள். அப்பாவுக்கு ஆபீசில் வேலை அதிகம். அல்போன்சுக்கு எட்டு வயது ஆகிவிட்டது, இந்த வருடப் பனியிலும் வெறும் தலையோடுதான் பள்ளிக்கூடம் வருகிறான், வழக்கம்போல எல்லாரும் என்னைத்தான் பேசுகிறார்கள். நீ இங்கே இருந்தபோதும் அதற்காக என்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறாய். 'தம்பிக்கு ஏன் சின்னம்மா தொப்பி போட மாட்டேங்கிறீங்க, உங்களுக்குப் பயமே இல்லையா' என்று கேட்டு உன் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் மாட்டிவிடுவாய். நான் அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன். ஏன் போனேன் என்று இந்தக் கடிதத்தை முடிக்கும்போது உனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ. மாப்பிள்ளைக்கு நீண்ட லீவு கிடைத்தது, கப்பலில் சென்னை வரைக்கும் போய் அதே கப்பலில் திரும்புவது, வழியில் நிற்கிற ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்கி ஊர் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் அவர் டைப் அடித்து வைத்திருக்கிற லிஸ்டு, அதையும் நீ அப்படியே எழுதியிருந்தாய். போர்ட் சுவெட்டன்ஹாமில் காலையில் இறங்கி கோலாலம்பூர், பத்துமலை, பூந்தோட்டம், சாயந்தரத்துக்குள் கப்பலுக்குத் திரும்புவது. பினாங்கில் மலை ரயில், பாம்புக் கோயில், கடற்கரை. நாகப்பட்டினத்தில் இறங்கி வேளாங்கண்ணி. சென்னையில் இரண்டு நாளில் ஏழு இடம். மூன்று வயதுப் பிள்ளையையும் ஒன்றரை வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில். அதற்குக் கீழேதான் நீ கேட்டிருந்தாய், கடல் காற்றுக்குப் பிள்ளைகளுக்கு இரண்டு கம்பளித் தொப்பி பின்னி அனுப்பச் சொல்லி, அங்கே கிடைப்பது மெல்லிசாய் இருக்கிறது, 'பெரிய தம்பி றோலண்டுக்குப் பின்னினீங்களே, காது மூடி, நாடியில நாடா கட்டுற மாதிரி, அதே மாதிரி வேணும்' என்று. அதோடு விடவில்லை நீ. 'அன்னைக்கு நான் தொப்பியக் கழட்டினேன், தம்பி போய்ட்டான். என் பிள்ளைகளுக்கு அந்தத் தப்பைச் செய்ய மாட்டேன் சின்னம்மா, என்ன அழுதாலும் கழட்ட விடமாட்டேன்' என்று எழுதியிருந்தாய்.

பவுலின், நீ இதைப் பன்னிரண்டு வருடமாய் மனதில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் அதுவும் பொய். தெரியும். மறந்திருப்பாய், சின்னப் பிள்ளைதானே என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், அம்மா இல்லாத உங்கள் இரண்டு பேருக்கும் நான் வந்து சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது, பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த கையோடு கல்யாணம். உனக்கு ஒன்பது, றோலண்டுக்கு மூன்று. கோவாவில் சவேரியாரின் திருவுடலைப் பார்க்கக் கப்பல் போகிறது என்று கோயிலில் சொன்னதும் அப்பாவுக்கு ஆசை. உங்கள் அம்மாவின் நேர்த்திக்கடன் ஒன்று பாக்கி இருந்தது, அதையும் தீர்த்த மாதிரி இருக்கும் என்றார். மாப்பிள்ளையைப் போலவே அவரும் ஒரு லிஸ்டு எழுதி வைத்திருந்தார். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில், கொச்சியில் பழைய கோயில்கள், சீன வலை, ராஜா அரண்மனை, கோவாவில் இரண்டு நாளில் எல்லாம். கொச்சியில் றோலண்டு அரண்மனையையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. வலைக்குப் பக்கத்தில் ஒரு நண்டு மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றான். நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான். அவனை அந்த நண்டுக்குப் பக்கத்தில் நிழலில் விட்டுவிட்டு நாலு பேரும் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

அந்தத் தொப்பியை நான் பின்னியது பக்திக்கோ பாசத்துக்கோ என்று இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. பெறாத பிள்ளைக்கு நான் என்ன செய்கிறேன் என்று தோட்டம் முழுக்கக் கண்ணை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் பிள்ளையை வளர்க்கிறோம் என்றால் பனி படாமல் வளர்க்கிறோம் என்றுதானே அர்த்தம், பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்கூட முதலில் காதைத்தான் மூடிவிட்டுப் போகிறாள். கடல் ஓரத்தில் பனியே கிடையாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மலையிலிருந்து போன அத்தனை பிள்ளைகளும் கம்பளிச் சட்டையும் தொப்பியுமாய்த்தான் அந்த வெயிலில் நின்றன. கோவாவில் இரண்டாம் நாள் வரிசையில் நான்கு மணி நேரம் நின்றோம். றோலண்டின் முகம் சிவந்து போய் வியர்வை நின்றுவிட்டது. அதை நீதான் பார்த்தாய். 'சின்னம்மா, தம்பி நெருப்பா சுடுறான்' என்று சொல்லி நாடாவை அவிழ்த்துத் தொப்பியைக் கழற்றி, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, குழாயடியில் இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திக்கொண்டு ஓடி வந்தாய். வீரம்மா போட்ட கூச்சல் உனக்கு நினைவிருக்கும். 'அடியே, காதுல காத்து பூந்துச்சுன்னா புள்ள என்னாத்துக்கு ஆகும், காய்ச்சக்காரப் புள்ளைக்குப் பச்சத் தண்ணியா' என்று உன்னைத் திட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, 'ஏன் டீச்சர், பெத்த புள்ளையா இருந்தா இப்பிடிப் பாத்துக்கிட்டு நிப்பீங்களா' என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். நான் உன் கையைத் தட்டிவிட்டேன், தண்ணீர் கீழே போனது, தொப்பியை மறுபடி அவன் தலையில் இழுத்து மாட்டி நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

கப்பலுக்கு வந்ததும் அவனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. குளிர் என்று நினைத்து இரண்டு கம்பளியைப் போர்த்தினேன், காற்று வருகிறது என்று அந்த வட்ட ஜன்னலை மூடச் சொன்னேன். அவன் தண்ணி தண்ணி என்று கேட்டான் பவுலின். கரண்டி நுனியில் சுடுசுடக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தேன், அது உள்ளே போகவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைக் குளிர்விக்க வேண்டும், நிறையத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் சுகாதார வகுப்பில் நானே நோட்டில் எழுதியிருக்கிறேன், அதில் பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணினேன். கூட வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த நோட்டு எங்கே போனதோ. கப்பல் டாக்டரைக் கூப்பிட்டால் தொற்று நோய் என்று எல்லாரையும் இறக்கி நோய்த்தடுப்பு காம்பில் அடைத்துவிடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள், அதற்கும் தலையாட்டினேன். விடிந்தபிறகு அப்பா பொறுக்கமாட்டாமல் போய் டாக்டரை அனுப்பிவிட்டு சாமியாரைத் தேடிப் போனார். டாக்டர் வந்து முதலில் முடிச்சுக்குப் பக்கத்தில் நாடாவை வெட்டித் தொப்பியைக் கழற்றி எறிந்தார். என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், இந்த வெயிலில் குழந்தைக்குக் கம்பளி போட்டது யார், தண்ணீர் ஏன் கொடுக்கவில்லை என்று. பிள்ளையின் மூச்சு அடங்கிய பிறகு மெதுவாய்ச் சொன்னார், சளியும் இல்லை, விஷக்காய்ச்சலும் இல்லை, சூடு வெளியே போக வழியில்லாமல் போயிற்று, நேற்றே இதையெல்லாம் கழற்றித் தண்ணீர் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று. அங்கே இருந்தவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என்ன சொன்னார் டாக்டர் என்று எல்லாரும் கேட்டார்கள். விஷக்காய்ச்சலாம் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய பாவம். வீரம்மா, காத்து காதில் புகுந்துதான் இப்படி ஆனது, தொப்பியைக் கழற்றியது யார் என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நீ கதவைப் பிடித்துக்கொண்டு நின்று 'நான்தான்' என்றாய். அதற்குள் சாமியாரோடு திரும்பி வந்திருந்த அப்பா உன்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தால் மாற்றாந்தாய் பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்பார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலை சாமியார் ஜெபம் சொல்ல அவனைக் கடலில் இறக்கினார்கள், நீ அழவே இல்லை. கல்லறைத் திருநாளுக்கு அப்பா உங்கள் அம்மாவின் கல்லறையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் நீ எட்டவே நிற்பாய், கிட்டே வரமாட்டாய், நானும் ஏன் என்று கேட்டதில்லை.

நீ கேட்ட தொப்பியை நான் பின்னத் தொடங்கினேன். காது மட்டும் பாக்கி, அதற்கு மேல் கை ஓடவில்லை, உட்கார்ந்து முழுவதும் பிரித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்த அந்தத் தொப்பியையும் எடுத்துக் கொடுத்தேன். முடிச்சு அப்படியே இருக்கிறது, பக்கத்தில் வெட்டியது தெரிகிறது. அவர் நெடுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார். 'அந்தப் புள்ளைய நானுமில்ல அப்பிடிப் பாத்தேன்' என்று உன்னைத்தான் சொன்னார், பிறகு 'முதல்ல அவளுக்கு எழுது' என்றார். அவ்வளவுதான். இரண்டு நாளாய் என்னோடு பேச்சு இல்லை, சாப்பாடு வேண்டுமா என்றால் அல்போன்சிடம் பதில் சொல்லி அனுப்புகிறார். தொப்பியை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நாளைக்கு அவரே ஹட்டனுக்குக் கொண்டுபோய்ப் போடுவதாக அதே அல்போன்சிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை, அதை நீ நேரம் எடுத்து ஆறுதலாய் யோசி, யோசிக்காமலும் விடு. பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. ஒரு துறைமுகத்துக்கு ஒரு இடம் போதும், அதுவும் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால், மற்றதையெல்லாம் அவர் தனியாய்ப் போய்ப் பார்த்து வந்து சொல்லட்டும், நீ பிள்ளைகளோடு கப்பலில் நிழலில் இரு. வேளாங்கண்ணிக்குக்கூட வெயில் தாழ்ந்துதான் போக வேண்டும், மாதா கோபிக்க மாட்டாள். கொதித்து ஆறிய தண்ணீர் எப்போதும் கையில் இருக்கட்டும், கேட்கிறபோதெல்லாம் கொடு, கேட்காவிட்டாலும் கொடு. பிள்ளை எதன் பக்கத்திலாவது குந்திக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றால் இழுக்காதே. உடம்பு சுட்டால் துணியைக் கழற்றி ஈரத்துணியால் துடை, உடனே டாக்டரைக் கூப்பிடு, சுற்றி நிற்பவர்கள் என்ன சொல்வார்களோ என்று பார்க்காதே. தொப்பி வராது, எதிர்பார்க்க வேண்டாம். அப்பாவின் பழைய மல் வேட்டியில் டெய்சிக்கும் பெனடிக்டுக்கும் கையில்லாத சட்டை இரண்டிரண்டு தைத்துத் தனிப் பார்சலாய் அனுப்புகிறேன், கப்பலுக்கு முன்னால் வராவிட்டாலும் பிறகு போடலாம்.

இது கிடைத்ததும் மறக்காமல் அப்பா பேருக்கு ஒரு தந்தி கொடு, கிடைத்தது என்ற ஒரு வார்த்தை போதும், எனக்கு எழுத மனம் வராவிட்டாலும் அவருக்காகக் கொடு. சவேரியாரும் மாதாவும் உன் பிள்ளைகளைக் கரையிலும் கடலிலும் காக்கட்டும், உங்கள் அம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, என்னுடையதை ஏற்றுக்கொண்டால் அதுவும். அன்றைக்கு அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரிலும் சரியானதைச் செய்தது நீ ஒருத்திதான். பிள்ளைகள் சுடுகிற மாதிரி இருந்தால் யாரையும் கேட்காதே மகளே, ஒன்பது வயதில் நீ செய்ததையே செய்.

இப்படிக்கு,
இனியும் அப்படிக் கூப்பிட உனக்கு மனமிருந்தால்,
உன் சின்னம்மா,
மார்கிரட்.