பம்ப் என் பையில்

ஏங்க,

டிராக்டரோட டீசல் பம்ப் உள்ளுக்குள்ள இறுகிப்போச்சு. அதைப் பையில போட்டுக்கிட்டுப் பட்டறைக்குப் போறேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. முகத்தைத் தூக்கி வெச்சுக்காம சாப்பிடுங்க. ராத்திரி ஷெட்டுல வண்டி ஓடுற சத்தம் கேட்டுச்சுன்னு நீங்க சொன்னதுக்கு நான் சிரிச்சேன்னுதானே இந்தக் கோபம்? நேத்து மத்தியானமே பம்ப்பைக் கழட்டியாச்சு. டீசலே போகாத இன்ஜின் எப்படிங்க ஓடும்?

பி.கு: செருப்பு மாட்டினவ திரும்பி வந்து எழுதறேன். ஸ்பேனர் எடுக்க ஷெட்டுக்குப் போனேன். இன்ஜின் மேல கை வைக்க முடியல, அவ்வளவு சூடு. சிரிச்சதை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஷெட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கிட்டேன். வண்டிச் சத்தம் வாசல் வரைக்கும் வந்து நின்னாலும், நான்னு நினைச்சுக் கதவைத் திறந்துடாதீங்க. நான் நடந்துதான் வருவேன்.