ஏலத்துக்குப் போன பூசினிக்காய்

புளியந்தீவு,
மாசி 1992

அன்பு மகள் சுகிர்தமலருக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்காலும் கிணற்றுக் கப்பியும் மட்டும்தான் கிறீச்சிடுகின்றன. நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்கிறோம். நீ மார்கழியில் போட்ட கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது, வழியில் யார் யார் பிரித்துப் படித்தார்களோ, படித்தவர்களும் அழுதிருப்பார்கள். நோர்வேயில் நீ இருக்கும் ஊரில் இரண்டு மாதம் சூரியனே வராது, மீன் கம்பனியில் நின்று நின்று கால் மரத்துப் போகிறது, கோயிலுக்குப் போனால் பாஷை விளங்கவில்லை, ஜெபிப்பதையும் விட்டுவிட்டேன், கேட்பதற்கு ஆள் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன் பிள்ளை. பிறகு, வாவிக்கரையில் பிறந்தவள் மீனைப் பெட்டியில் அடைக்க அவ்வளவு தூரம் போனாளே என்று சிரிப்பும் வந்தது, கோபிக்காதே.

நான் புத்தி சொன்னால் நீ கேட்க மாட்டாய், நீ அப்பாவின் மகள். ஆகவே அப்பாவின் கூத்தையே எழுதுகிறேன். வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம்முடைய வட்டை வயலுக்குப் போக சென்றியில் ஆமிக்காரர் விடுகிறார்கள் இல்லை, இரண்டு வருஷமாக விதைப்பும் இல்லை, வயலில் ஆள் உயரத்துக்குப் புல்லாம். அதோடு மனுஷன் கோயிலுக்கு வருவதையும் விட்டார். கேட்டால் முழங்கால் வலி என்பார், சுருட்டு வாங்கக் கடைக்குப் போகும்போது அந்த வலி எங்கே போகுமோ தெரியாது. போதகர் வீடு தேடி வந்து, இந்த வருஷமும் அறுப்பின் பண்டிகை வைக்கப் போகிறோம் என்று சொன்னதற்கு, விதைக்காத ஊருக்கு அறுப்பு என்னத்துக்கு ஐயா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். போதகர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வீட்டில இரிக்கிறதக் கொண்டு வாங்க, அது போதும் என்று சொல்லிப் போனார்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு பூசினிக்காய். கிணற்றடியில் தானாக முளைத்த கொடி, வயல் இல்லாத கவலைக்கு அப்பா அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தார், வைக்கோல் போட்டு, வெயிலுக்கு ஓலை மறைத்து, என்னைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் கூட. எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான், உனக்கு ஏன் மறைப்பான். பண்டிகை அன்று அவர் முகம் வழிக்கப் போன நேரம் பார்த்து அதை அறுத்துச் சேலையால் மூடிக்கொண்டு போய்க் கோயில் மேசையில் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் பயம் பிடித்தது. ஆண்டவருக்கு வைத்ததைத் திருப்பி எடுக்க முடியாது, ஆராதனை முடிய ஏலத்தில்தான் எடுக்கலாம். சரி, என்ன விலை போனாலும் நானே எடுத்துவிடுவோம் என்று பெண்கள் பக்கத்தில் முன் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

நல்லரத்தினம் மாஸ்டர்தான் ஏலம் கூறினார். நான் கேட்கக் கேட்க ஆண்கள் பக்கத்தில் கதவடியிலிருந்து ஒரு குரல் கூட்டிக் கேட்கிறது. யாரடா இந்தப் பேராசைக்காரன் என்று நானும் விடவில்லை. ஆட்கள் எழுந்து நின்றதால் எனக்கு ஆளும் தெரியவில்லை, இரைச்சலில் குரலும் பிடிபடவில்லை. மாஸ்டருக்கு மேடையிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் நன்றாகத் தெரிந்திருக்கிறது, அந்தக் கள்ளன் ஒரு சொல் சொல்லாமல் எங்களை விலை ஏற்றவிட்டார். கடைசியில் அந்த ஆள் பொறுக்காமல், டே நல்லரத்தினம், அது என்ட பூசினி, களவு போன சாமான், வேலிக்கம்பு பட்ட பள்ளம் இரிக்கி பாரு என்று கத்தினார். உன் அப்பா! பாதிச் சவரத்தில் காயைத் தேடி ஓடிவந்த கோலம், ஒரு கன்னத்தில் காய்ந்துபோன சவர்க்கார நுரை, மேலில் சட்டை இல்லை, தோளில் துவாய் மட்டும். களவெடுத்தவள் முன் வாங்கில இரிக்கா என்று மாஸ்டர் சொன்னதும் கோயில் முழுக்கச் சிரித்தது. மகனைப் பறிகொடுத்த கிறேஸ் ரீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா, சண்டை தொடங்கின பிறகு அவ சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். அப்பா காயை எடுத்தார், ஆனால் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அங்கேயே வெட்டி வீட்டுக்கொரு துண்டு கொடுத்தார். பிறகு யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஏலம் முடியப் பாடிய கடைசிப் பாட்டுக்கு நின்றார். அதிலிருந்து ஞாயிறு தவறுவதில்லை. விசுவாசம் வந்துவிட்டதா என்று கேட்டேன். அது தெரியா, ஆனா வீட்டில தனிய இரிக்கிறதவிட அங்க மூச்சு விடலாம் போல கிடக்கு என்றார்.

அதனால் சொல்கிறேன் மகள், பாஷை விளங்காவிட்டாலும் போய்க் கடைசி வாங்கிலாவது இரு. பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரக் கிழவிக்கு உன் பெயரைச் சொல்லு. காலுக்குக் கம்பளிச் சப்பாத்துப் போடு, சாப்பாட்டை மிச்சம் பிடிக்காதே. உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஏசுவார் என்று நினைத்தேன், ஏசவில்லை. அன்று பின்னேரம், ஆளுக்கொரு முறை வசனம் சொல்கிற வீட்டு ஜெபத்தில் நான் என் வசனத்தைச் சொல்லி முடிய, நீ போன நாளிலிருந்து நாங்கள் தாண்டிப் போகிற உன் முறையில் அப்பா நின்றுவிட்டார். இது அவள்ர முறை, அவளுக்கு ஏலாத நேரம் நான் சொல்றன் என்று, நீ சின்னதில் சொல்கிற வசனத்தைச் சொன்னார். இப்போது ஒவ்வொரு நாளும் சொல்கிறார், ஒவ்வொரு நாளும் நடுவில் பிழை விடுகிறார், நான் திருத்துவதில்லை. உனக்கு ஜெபம் வராவிட்டால் விடு, பயப்படாதே. இந்த வீட்டில் உன் முறை ஒரு நாளும் வெறுமையாகப் போகாது.

ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக. பதிலை உடனே போடு.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
எஸ்தர் அழகரத்தினம்