காலிக் கூடை இருநூற்று ஐம்பத்தாறு

பாய், இன்று துணைச் சுகாதார நிலையத்தில் உங்கள் இணையப் பெட்டியைக் கழற்றினார்கள். இடி விழுந்து கருகிவிட்டது. அந்தப் பிளாஸ்டிக் தீய்ந்த வாசம் வந்ததும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. எனக்கு எழுதத் தெரியாதே. நான் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுகிறார்.

வாணியம்பாடியில் ஓய்வாக இருக்க வேண்டிய மனிதர், எங்கள் மலைக்கு இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தீர்கள். மாதம் ஒருமுறை வேலூர் டாக்டர் அதன் வழியாகத்தான் என் வீட்டுக்காரியின் மூச்சிரைப்பைப் பார்ப்பார். ஆனால் திரையில் அவர் முகம் துண்டு துண்டாக உடையும்.

"இன்னா பாய், டாக்டரு திக்குறாரு?" என்றேன்.

"திக்கல அண்ணே. புளி உலுக்குனாப்புல சேதி ஒரே நேரத்துல கொட்டுது. வாங்கறதுக்கு பெட்டிக்குள்ள காலிக் கூடையாட்டம் எடம் அறுபத்துநாலுதான் வெச்சிருக்கேன். மிச்சம் தரையில போவுது."

"அப்போ ஏத்து. கூடைக்கு இன்னா பஞ்சம்?"

புளி உலுக்குகிறவன் புத்தி அது. ஊர்க் கூடையெல்லாம் இரவல் வாங்கி மரத்தடியில் பரப்புகிறவன் நான். "பெட்டியில மெமரி கம்மி அண்ணே" என்று தயங்கினீர்கள். நான் விடவில்லை. ஆயிரத்து இருபத்துநாலு வைத்தீர்கள்.

அடுத்த மாதம் டாக்டர் முகம் சுனைத் தண்ணீர் போல் வந்தது. அவள் மூச்சை இழுத்துக் காட்டும் நேரம், பெட்டியே செத்தது. உயிர் பிடித்தது, மறுபடி செத்தது. அன்றைக்கென்று அவளுக்கு மோசம். ஜீப்பில் ஆலங்காயம் இறங்கும் வரை அவள் தலை என் தோளில். அவள் செருப்பு உங்கள் மடியில்.

"நாந்தான் ஏத்தச் சொன்னேன்" என்று ஆஸ்பத்திரியில் அழுதேன்.

"ஏத்துன கை என்னுது அண்ணே. காலிக் கூடையும் எடத்த அடைக்குமில்ல? மத்த வேலைக்கு உக்கார எடமில்லாம போச்சு."

கட்டிலில் கிடந்தவள் கண் திறந்தாள். "நாப்பது வருசமா வூடு பூரா கூடைய அடுக்கிட்டு, என்னிய வாசல்ல படுக்க வெக்கிற ஆளு பாய் இவரு. இவரு பேச்சையா கேட்டீங்க?"

சிரித்துச் சிரித்து உங்கள் கண்ணில் நீர்.

பிறகு இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கி, கூடை எண்ணிக்கையை ஏற்றுவதும் இறக்குவதும், ஒவ்வொரு தடவையும் நர்ஸம்மாவைப் பேசவிட்டுப் பார்ப்பதுமாக இருந்தீர்கள். சேதியும் சிந்தக்கூடாது, பெட்டிக்கும் மூச்சு முட்டக்கூடாது. இருநூற்று ஐம்பத்தாறில் நின்றீர்கள். "இந்தப் பெட்டிக்கு இது போதும் அண்ணே." போன ரம்ஜானுக்கு முன்னால் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அது அப்படியே ஓடியது.

இன்று மாட்டியதும் அதே ரகப் பெட்டிதான். டாக்டர் முகம் பழையபடி உடைந்தது. மாட்ட வந்த பொண்ணு, "எவ்ளோ போவுதோ அவ்ளோ ஏத்தி வுடட்டா தாத்தா?" என்றாள்.

"வேணாம் கண்ணு. இருநூத்தி அம்பத்தாறு போடு."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டாள். முகம் ஒன்றுசேர்ந்தது. என் வீட்டுக்காரி மூச்சை இழுத்து விட்டாள். டாக்டர் முழுசாகக் கேட்டார். பெட்டி அசையவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க தாத்தா?"

"எங்க பாய்."

நான் பிறந்த வருஷம் எனக்குத் தெரியாது. இந்த எண் தெரியும். வீட்டில் இப்போது கூடை ஆறுதான் வைத்திருக்கிறேன். அவள் உள்ளே படுக்கிறாள், பாய்.