ஹானாவின் பாக்கி நடனம்

பெப்ரவரி 7, சனி

என் கால் இன்னும் தாளம் போடுகிறது. போலந்தில் பள்ளி இறுதி வருட மாணவர்கள் சோடி சோடியாக நடனமாடுவது வழக்கம். இங்கே ஹரோவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் போலந்துக்காரர் ஹானாவுக்கு அது கிடைக்கவில்லை. அவருடைய இறுதி வருடத்தில் அங்கிருந்த கம்யூனிச அரசாங்கம் அவர் படித்த கன்னியாஸ்திரிகள் பள்ளியையே மூடிவிட்டது. பல வருடம் கழித்துப் பள்ளி திரும்பத் திறந்தது. நடனம் மட்டும் பாக்கி.

இன்று ஹரோ தேவாலய மண்டபத்தில், இங்கே குடியேறிய அந்தப் பள்ளியின் பழைய மாணவிகள் அதை ஆடினார்கள். ஹானாவுக்குச் சோடி நான். கோயிலுக்குப் போகிற பழக்கதோஷத்தில் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போய்விட்டேன். எல்லோரும் என் வெறுங்காலையே பார்த்தார்கள்.

"ஐயோ, போட்டுக்கொண்டு வாரும்," என்றார் என் கணவர்.

"வேண்டாம், நானும் கழட்டுறன்," என்று ஹானா தன் சப்பாத்தை உதறினார். மற்றவர்களும் உதறினார்கள்.

பள்ளியை மூடிய அரசாங்கம் இன்று இல்லை. எண்பது தாண்டிய ஹானா மண்டபத்தைச் சுற்றி வந்தார், எல்லோருக்கும் முன்னால், வெறுங்காலோடு.